குமரகுருபரர் வரலாற்றில் பேச்சின்மை

திருவைகுண்டத்தில் பிறந்து ஐந்தாண்டு பேசாதிருந்த பிள்ளை, திருச்செந்தூர் முருகன் திருவருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடியது என்பது குமரகுருபரர் வரலாற்றின் முதற்செய்தி. தமிழ் பயில்வார் யாவரும் இதனை அறிவர். அவ்வரலாற்றிலேயே பேச்சின்மை மற்றும் ஒருமுறை வருகின்றது. அதனைப் பேச்சின்மை என்று எண்ணுவார் அரியர்.

காசிக்குச் சென்ற அடிகள், முகலாய அவையினரோடு உரையாடுதற்கு இந்துத்தானி அறியாமையால் இடர்ப்பட்டுக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லிமாலை பாடினார் என்பது செவிவழிச் செய்தி. மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றிய புலவர், காசியில் வாயிலார் போல் நின்றார். நாவும் அதே நா. புலமையும் அதே புலமை. மாறியது அவையே. இவ்விரண்டாம் குறையை எவரும் ஊனம் என்று சொல்வதில்லை. முதற்குறையோ உடலிற் கிடந்தது, அருளால் நீங்கியது. இரண்டாவது, ஆளும் அவையும் கூடுமிடத்துப் பிறந்தது.

இவ்வேறுபாடு இன்றைய சட்டத்தின் உயிர்நிலை ஆகும். 1995ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவர் சான்றளிக்கும் நாற்பது விழுக்காட்டுக் குறைபாட்டைக் கொண்டே ஒருவரை வரையறுத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, நெடுநாட் குறைபாடு தடைகளோடு எதிர்ப்படும்போது பிறரோடொப்பப் பொதுவாழ்விற் பங்குகொள்ள இயலாமை நேர்கின்றது என்று வரையறுக்கின்றது. (ஒதுக்கீட்டிற்கு அந்த நாற்பது விழுக்காட்டு அளவு இன்றும் உண்டு, பழைய கண் முழுதும் மாறிவிடவில்லை.) காசி அவையில் அடிகளுக்கு நேர்ந்ததும் அத்தகைய தடையே.

அருட்செயலை ஐயுறுவது ஈண்டு நம் நோக்கம் அன்று. ஆயினும் குறை நீங்கிய பின்னரே புலவன் தோன்றுகின்றான் என்னும் கதைப்போக்கு, குறை நீங்காதார்க்கு இடம் யாது என்னும் வினாவை எழவிடுவதில்லை. கலிவெண்பாவின் இறுதியில் அவர் வேண்டுவன நாற்கவியும் அட்டாவதானமும் ஐந்திலக்கணப் புலமையும். வாய் திறந்த பிள்ளை கேட்டது இரக்கம் அன்று, தொழிற்கருவி.

குறை நீங்காமலே தொழில் செய்தாரையும் நம் மரபு அறியும். இரட்டையருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடவாதார் காணாதார் தோளில் அமர்ந்து வழி காட்டினார் என்றும், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார் என்றும் கூறுவர். கண்ணும் வரவில்லை, காலும் வரவில்லை; தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் வந்தன. அந்தகக்கவி வீரராகவ முதலியார்க்கு எழுத்தை முதுகில் எழுதிக் கற்பித்தனர் என்பது வழக்கு. ஈண்டு மாறியது மாணவன் உடல் அன்று, கற்பிக்கும் முறையே. இவற்றை வியப்புச் செய்திகளாக மட்டும் எழுதுவது திறனாய்வு ஆகாது. இவை ஏற்பாட்டின் வரலாறுகள்.

திருச்செந்தூர்க் கரையை அடுத்த முத்துக்குளித்துறையிலும் இவ்வுண்மை கண்கூடு. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியிற் பெருமுத்துக்குளிப்பு நின்றது. அந்நாளில் கல்லைப் பற்றிக் கடலடி சென்றவன் மூச்சுமிலன், சொல்லுமிலன். மேலே ஒருவன் கயிறு பிடித்திருந்தான். கயிறு அசைந்ததும் இழுத்தான். அக்கயிற்றை மைத்துனன் கையிற் கொடுப்பது வழக்கம் என்பர். கயிறு வேண்டியதால் குளிப்பவனை ஆற்றலிலான் என எவரும் இகழ்ந்ததில்லை.

நம் துறைகளில் அக்கயிறு உள்ளதா? பாளையங்கோட்டையிற் பார்வையற்றோர்க்கெனப் பள்ளி தோன்றியது 1890இல். அதன் பின் எத்தனையோ தலைமுறை மாணவர் தமிழிலக்கியம் பயின்று வெளிவந்தனர். அரசுப் பணியிடங்களுள் நூற்றுக்கு நான்கினைச் சட்டம் மாற்றுத்திறனாளிகட்கு ஒதுக்குகின்றது. ஆனால் இடம் பெற்ற விரிவுரையாளர் பரிமேலழகரை எங்ஙனம் படிப்பது? பழம்பதிப்புக்கள் பல இணையத்தில் உள; அவற்றுட் பெரும்பாலன வெறும் படங்கள். எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் அவற்றின் முன் வாய் மூடுகின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மூலநூல்களை எழுத்துருவிலேயே தந்தது. தன்னார்வலர் செய்த அப்பணியைப் பல்கலைக்கழகங்கள் முன்னரே செய்திருத்தல் வேண்டும். உரிமைத் தடையும் இன்றில்லை: 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், படிக்க இயலாதார்க்கு ஏற்ற வடிவில் நூலை மாற்ற இசைவளிக்கின்றது. மராகேசு உடன்படிக்கையை உலகில் முதன்முதல் 2014இல் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாவே.

எஞ்சியது பதிப்பாசிரியர் கடன். துறை வெளியிடும் ஒவ்வொரு பதிப்பும் அச்சுப்படியோடு ஒருங்குறிப் படியாகவும் நூலகத்தில் வைக்கப்பெறல் வேண்டும். அதன்கண் மூலம், உரை, பாடவேறுபாடு, அடிக்குறிப்பு ஆகியன தனித்தனி அடையாளம் பெறல் இன்றியமையாதது. அச்சிற் சிற்றெழுத்தாலும் கோட்டாலும் பிரிந்து நிற்கும் இவை, குரலாகும்போது ஒரே ஒழுக்காகிவிடும். கேட்பார்க்கு வள்ளுவர் எங்கு முடிந்தார், உரையாசிரியர் எங்குத் தொடங்கினார் என்பது விளங்காது.