நடத்தைக்குச் சுழியம்: விடுமுறையில் பார்க்க மூன்று ஐரோப்பியப் படங்கள்

திறனாய்வு எழுதச் சொன்னால் மாணவர்கள் கதைச்சுருக்கத்தை எழுதித் தருகிறார்கள். "கதை தெரிகிறது, உன் கருத்து எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் மூன்று படங்களைச் சொல்கிறேன். இவற்றில் கதையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

முதல் படம் ழான் விகோ 1933இல் பிரான்சில் எடுத்தது. 'ஸீரோ ஃபார் கண்டக்ட்' என்று தேடுங்க, கிடைக்கும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான். விடுதிப் பள்ளி ஒன்றில் நடத்தைக்குச் சுழியம் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக முடியாது. நான்கு பையன்கள் கலகம் செய்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் இரவில் தலையணைகளைக் கிழித்து அவர்கள் ஊர்வலம் போகும் காட்சி இருக்கிறதே! பஞ்சுபோல் இறகுகள் மெல்ல மெல்ல விழுகின்றன. இசையமைப்பாளர் மொரிஸ் ழொபேர் மெட்டைப் பின்னிருந்து முன்னாக வாசிக்க வைத்து, ஒலிப்பதிவைத் திருப்பி ஓடவிட்டாராம். கனவில் கேட்கும் இசை மாதிரி இருக்கும்.

பிரெஞ்சுத் தணிக்கை இந்தப் படத்தை 1945 வரை வெளியே விடவில்லை. விகோ 1934இலேயே, 29 வயதில் காலமாகிவிட்டார். அவருடைய 12 வயதில், அரசை எதிர்த்த தந்தை சிறையில் இறந்துபோக, பையனை வேறு பெயரில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

குறையும் உண்டு. தலைமையாசிரியரைக் குள்ளராகக் காட்டிச் சிரிக்க வைப்பது இன்று உறுத்துகிறது. ஆனாலும், தன் தொப்பியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காக்கும் அவரைப் பார்த்துச் சிரித்த எனக்கு, கட்டொழுங்கு ஆசிரியராக இருந்த காலத்தில் மேசையில் கிடந்த பிரம்பு ஞாபகம் வந்தது. இதை மாணவர்களோடு சேர்ந்து பார்க்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு பார்த்தோம். (ஆசிரியர்களே, முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்க. சில காட்சிகள் வகுப்புக்கு ஒத்துவராது.)

இரண்டாவது, இஷ்ட்வான் சபோவின் 'மெஃபிஸ்டோ' (1981). புரட்சி பேசிய ஒரு ஜெர்மானிய நடிகன் மேடைக்காக நாஜிகளோடு ஒத்துப்போகிறான். படிவம் ஆறு மாணவர்களுக்குச் சரியாக இருக்கும். கொஞ்சம் நீளம்; பொறுமை வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது: ஸ்பெயினின் கார்லோஸ் சௌராவின் 'கார்மென்' (1983). அன்டோனியோ கேடஸ் நடன ஆசிரியராக வருகிறார். மெரிமே எழுதிய பழைய கதையை ஃபிளமெங்கோ நடனமாக்க ஒத்திகை நடக்கிறது. கார்மெனாக ஆட வந்த இளம்பெண் மீது அவருக்கே பித்துப் பிடித்துவிடுகிறது. அவளைவிட நன்றாக ஆடும் கிறிஸ்டினாவை வயதைக் காட்டி ஒதுக்குகிறார். படத்தில் எனக்கு வலித்த இடம் அதுதான், காதல் அல்ல. புகையிலை ஆலைக் காட்சியில் பெண்கள் மேசையைத் தட்டும் தாளமே சண்டையாக மாறுகிறது. வசனம் தேவைப்படவில்லை.

கடைசியில் அவர் கார்மெனைக் கத்தியால் குத்துகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஒத்திகையா, உண்மையா? படம் சொல்லாது. மாணவர்களே, நீங்க சொல்லுங்க. ஒரு பத்தி போதும். எந்தக் காட்சியை வைத்து அப்படிச் சொல்றீங்க என்பதையும் சேர்த்து எழுதுங்க. கதைச்சுருக்கம் வேண்டாம்.