சிறுவரும் ஒபராவும்: ஹம்பர்டிங்கின் ‘ஹென்சலும் கிறெற்றலும்’ – ஒரு நோக்கு

சிறுவருக்கு ஒபராவை அறிமுகஞ் செய்வது எவ்வாறு என்பது மேலைநாட்டு அரங்குகள் நெடுங்காலமாக எதிர்நோக்கிவரும் ஒரு பிரச்சினையாகும். அதற்கு அவை மீண்டும் மீண்டும் நாடும் விடை ஜேர்மனிய இசையாக்குநர் எங்கல்பேட் ஹம்பர்டிங்க் (1854–1921) இயற்றிய ‘ஹென்சலும் கிறெற்றலும்’ என்னும் படைப்பாகும். 1893 டிசெம்பர் 23ஆந் திகதி வைமார் நகரில், அப்போது இளைஞராயிருந்த றிச்சாட் ஸ்ட்றவுஸ் வாத்தியக்குழுவை நெறிப்படுத்த அரங்கேறிய இவ்வொபரா, ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளில் நத்தார்க்கால வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கு தனது மேடையிலிருந்து ஒரு முழு ஒபராவை முதன்முதலாக ஒலிபரப்பிய 1931ஆம் ஆண்டு நத்தார் தினத்திலும் தெரிந்தெடுக்கப்பட்டது இதுவே. கதை எளியது, யாவரும் அறிந்தது. ஆகவே சிறுவர்க்கு ஏற்றது என்று இதற்குக் காரணங்கூறி அமைவாருளர். அவ்விளக்கம் அரைகுறையானது.

ஒபரா என்பதனைத் தமிழில் ‘இசை நாடகம்’ என்பர். ஆயின் ஈழத்துத் தமிழருக்கு அத்தொடர் ‘மயான காண்ட’த்தையும் நடிகமணி வைரமுத்துவின் குரலையுமே மனத்தில் எழுப்பும். அங்கு நடிகனின் பாட்டே முதன்மை. வாத்தியம் அதற்குத் துணை. வாக்னருக்குப் பிந்திய ஒபராவிலோ வாத்தியக்குழு தானும் ஒரு கதைகூறுநராகும். பாத்திரம் அறியாததையும், சில வேளைகளில் பாத்திரம் மறைப்பதையும் அது கூறும். இவ்வேறுபாடு மனங்கொள்ளப்படாவிடின் ஹம்பர்டிங்கின் சாதனை யாதென்பது புலப்படாது.

இப்படைப்பின் தோற்றம் வீட்டு முற்றத்து விளையாட்டேயாம். 1890ஆம் ஆண்டளவில் அவரது சகோதரி அடெல்ஹைட் வெற்ற, தம் பிள்ளைகள் வீட்டில் நடிப்பதற்கென எழுதிய சில பாடல்களுக்கு இசையமைக்குமாறு வேண்டினார். அப்பாடல்கள் இடையிடையே உரையாடல் கொண்ட பாட்டுநாடகமாக வளர்ந்து, பின்னர் முழு ஒபராவாயின. ஹம்பர்டிங்க் 1882இல் பைரொயித்தில் மேடையேறிய ‘பார்சிபால்’ ஒபராவின் ஆயத்தங்களில் வாக்னருக்கு உதவியாளராயிருந்தவர். ஆதலின் குழந்தைப் பாட்டும் வாக்னரின் பெரும் வாத்தியக்குழுவும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. எளிய பாட்டுகளைப் பெரிய இசை நசுக்கிவிட்டது எனக் குறைகாண்பார் உளர். செவிகொடுத்துக் கேட்பார்க்கு அக்குறை தோன்றாது. தொடக்கக் காட்சியில் அண்ணனும் தங்கையும் ஆடிப்பாடும் பாடலைக் கேட்கும் சிறுவன், அதனைத் தான் முன்னரே அறிந்ததாக எண்ணிக்கொள்வான். உண்மையில் இதிலுள்ள மெட்டுகளுட் சிலவே பழைய நாட்டார் பாடல்கள்; ஏனையவை நாட்டார் பாடல்போல் ஒலிக்குமாறு ஹம்பர்டிங்கே ஆக்கியவை. பழகிய பாட்டில் இருந்து பழகாத இசைக்குச் சிறுவன் தானறியாமலே கொண்டுசெல்லப்படுகின்றான்.

சிக்கல் கதையிலேயே உள்ளது. கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட தொகுதியிற் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவருமாறு வற்புறுத்துபவள் பெற்ற தாயே. 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பஞ்சம் வந்தபோது பெற்றோரே பிள்ளைகளைக் கைவிடுதல் என்ற கொடிய உண்மை அச்சிலேயே மெல்லமெல்ல மழுக்கப்பட்டது எனலாம். வெற்ற அம்மையார் இதற்கும் மேலே சென்றார். அவரது தாய் பிள்ளைகளை அடிக்கத் துரத்தும்போது பாற்பானையைத் தானே உடைத்துவிட்டு, ஆத்திரத்தில் அவர்களைக் காட்டுக்குப் பழம் பொறுக்க அனுப்புகின்றாள். பின்பு பிள்ளைகளுக்கு ஊட்ட ஏதுமில்லையே என்று இறைவனிடம் அழுது இரக்கின்றாள். கூழாங்கற்களும் பாணின் துணுக்குகளும் இங்கில்லை. அவற்றோடு ஹென்சலின் முன்னறிவும் போயிற்று. பிள்ளைகளைக் காட்டிற் காப்பவர்கள் பதினான்கு தேவதூதர்.

இம்மாற்றங்களைக் கொண்டு இவ்வொபராவை நடுத்தர வர்க்க இல்லத்தின் இனிப்புப் பண்டம் என ஒதுக்கிவிடலாமா? எழுத்துப் பிரதியை மட்டும் நோக்கின் அவ்வாறே கூறவேண்டியிருக்கும். பிரதி துறந்ததை இசை துறக்கவில்லை என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது. முதலாம் அங்கத்தில் விளக்குமாறு விற்கும் தந்தை குடித்துவிட்டு உற்சாகமாகப் பாடிக்கொண்டு வருகின்றான். அன்று விற்பனை நன்று, கூடையில் இறைச்சி, வெண்ணெய், மா, முட்டை. பிள்ளைகள் எங்கே என்று கேட்டபின் அவன் காட்டிலுள்ள சூனியக்காரியைப் பற்றிப் பாடத் தொடங்கும்போது வாத்தியக்குழுவின் நிறமே மாறிவிடுகின்றது. அவன் வயிறு வளர்க்க விற்கும் விளக்குமாறே அவளது ஊர்தியுமாகும் என்பது வேடிக்கையும் அச்சமும் கலந்த இணைப்பு. இரண்டாம் அங்கத்தின் முன்னிசை சூனியக்காரிகளின் பறப்பை வருணிப்பது. மேடையில் எதுவுங் காட்டப்படுமுன் சிறுவன் காதாற் பயப்படப் பழகுகின்றான். குயிலைப் போலக் கூவியவாறே பறித்த பழமெல்லாவற்றையும் பிள்ளைகள் தின்று தீர்த்தபின் இருள் சூழ்கின்றது. கூப்பிடுங் குரலுக்கு எதிரொலி மட்டுமே விடை தருகின்றது. கைவிடப்பட்டமை பற்றி ஒரு சொல்லுமில்லாமலே அந்நிலை இங்கு முழுமையாக உணர்த்தப்படுகின்றது.

விலக்கப்பட்ட மாற்றாந்தாயும் வேறுவழியில் மேடைக்கு மீளுகின்றாள். தாயையும் சூனியக்காரியையும் ஒரே பாடகி பாடும் வழக்கம் சில தயாரிப்புகளில் உண்டு. உணவில்லாத தாயும், உணவால் வீடு கட்டி அழைப்பவளும் ஒரே முகம் பெறும்போது கிறிம் கதையின் பழைய அச்சம் தலைகாட்டுகின்றது.

றிச்சாட் ஜோன்ஸ் 1998இல் வேல்ஸ் தேசிய ஒபராவுக்காக நெறிப்படுத்தி, 2007இல் மெற்றோபொலிற்றன் அரங்கிலும் மேடையேறிய தயாரிப்பு பசியையே மையமாக்கியது. பிள்ளைகள் துயிலும்போது வானிலிருந்து இறங்குவோர் தேவதூதர் அல்லர். பெருந்தலைச் சமையற்காரர் விருந்து பரிமாறுகின்றனர். பக்தியுணர்வுடையோர்க்கு இது உவப்பாயிருந்திராது. எனினும் வெறுவயிற்றோடு உறங்கும் குழந்தை காணும் கனவு எது என்ற கேள்விக்கு இத்தயாரிப்பு நேர்மையான விடை தந்தது. அதுமட்டுமன்று; அக்காட்சியில் ஒலிக்கும் இசை, ஒபராவின் தொடக்கத்திலேயே கொம்பு வாத்தியங்கள் இசைத்த இராப் பிரார்த்தனை மெட்டின் விரிவே. தேவதூதரை நீக்கியபோதும் அப்பிரார்த்தனை நீங்கவில்லை.

சிறுவர்க்கென ஒபராக்களைச் சுருக்கி மேடையேற்றும் வழக்கமும் பரவலானது. பைரொயித் விழாவிலேயே 2009 தொடக்கம் வாக்னரின் ஒபராக்கள் இவ்வாறு சுருக்கித் தரப்பட்டன. நான்கைந்து மணித்தியாலம் நீளும் படைப்புகளுக்கு அது தகும். இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த ‘ஹென்சலும் கிறெற்றலும்’ ஒபராவைப் பியானோவொன்றுடன் ஒரு மணித்தியாலமாக நறுக்குவது வேறு விடயம். அங்கு எஞ்சுவது கதை. கதையைச் சிறுவன் ஏற்கெனவே அறிவான். அவன் அறியாதது, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இருந்து எழும் பல வாத்தியங்களின் ஓசை இருட்டை உண்டாக்கவல்லது என்பதே. அதனை மறைத்துவிட்டு அறிமுகம் என்று பெயரிடுவது சிறுவரைக் குறைவாக மதிப்பிடுவதாகும்.

முழுப்படைப்பின் முடிவுப் பகுதி இவ்வகையிற் கவனத்துக்குரியது. ஹென்சலைக் கட்டிய மந்திரத்தைச் சூனியக்காரியின் வாயிலிருந்தே கேட்டறிந்து கிறெற்றல் அவனை விடுவிக்கின்றாள். பேதைபோல் நடித்து அவளை அடுப்பருகே குனியச்செய்ய, இருவருஞ் சேர்ந்து தள்ளிவிடுகின்றனர். கிறிம் கதையின் இக்கொடுமையை மட்டும் வெற்ற அம்மையார் தொடவில்லை. தொட்டிருப்பின் எந்தச் சிறுவனும் மன்னித்திருக்கமாட்டான். அடுப்பு வெடிக்கின்றது. வீட்டைச் சூழ்ந்து நின்ற இஞ்சிப்பாண் உருவங்கள் பிள்ளைகளாகின்றன. ஆனால் கண்கள் மூடியபடி, அசையமாட்டாது நின்று, தம்மைத் தொடுமாறு மெல்லிய குரலில் வேண்டுகின்றன. ஹென்சல் தயங்குகின்றான். கிறெற்றல் அருகிற் சென்று ஒரு பிள்ளையைத் தடவ, அது கண் திறக்கின்றது. அதுவரை ஹென்சலாகவும் கிறெற்றலாகவும் பாடியோர் வளர்ந்த பெண்கள். அவையிலுள்ள சிறுவர் அதனை ஏற்றுக்கொண்டு கேட்டிருந்தனர். இப்போது மேடையில் பாடிக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள் வயதொத்த உண்மைப் பிள்ளைகள்.