குடிபுகாத கோயில்

ஜான்சியில் இறங்குபவர்களில் பலர் பக்கத்திலிருக்கும் ஓர்ச்சாவை அரைநாளில் முடித்துக்கொண்டு கஜுராஹோவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். நானும் மனைவியும் தங்கினோம். இந்தச் சின்ன ஊரின் குறும்புகள் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஜஹாங்கீர் மஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்ச்சா அரசர் பீர் சிங் தேவ் கட்டியது. 1602இல் முகலாய இளவரசர் சலீமின் தூண்டுதலில் அக்பரின் அவையறிஞர் அபுல் ஃபசலைக் கொன்றவர் அவர். சலீம் ஜஹாங்கீராகிப் பட்டமேறியதும் நன்றிக்குக் குறைவில்லை. இந்த ரத்தக் கணக்கை எல்லா வழிகாட்டிகளும் சொல்லிவிடுவார்கள். மேல்மாடத்துச் சுவர்களில் உதிர்ந்ததுபோக மிஞ்சியிருக்கும் மயில்கழுத்து நீல ஓடுகளைக் காட்டத்தான் யாருக்கும் நேரமில்லை. முழுசாக இருந்திருந்தால் கண் கூசியிருக்கும். இப்போது மங்கிய கல்லுக்கு நடுவே அங்கங்கே ஒரு கீற்று, அவ்வளவுதான். அதுவே போதும். ஜாலி எனும் கல்சல்லடை வழியே விழுந்த வெயில் தரையில் அறுகோணம் அறுகோணமாக நகர்ந்து மனைவியின் கால்விரலைத் தொடும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

லட்சுமி நாராயணர் கோயில் ஓவியங்களில் ராமகதைக்கு அக்கம்பக்கத்திலேயே 1857 போரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும். வரைந்தவருக்குப் புராணமும் நேற்றைய சண்டையும் ஒரே சுவர்தான்.

ஆனால் ஓர்ச்சாவின் உச்சம் ராம் ராஜா கோயில். அரசர் மதுகர் ஷாவின் ராணி கணேஷ் குன்வரி அயோத்தியிலிருந்து ராமரைக் கொண்டுவந்தாராம். முதலில் எங்கே இறக்கி வைக்கிறாயோ அங்கிருந்து நகரமாட்டேன் என்பது ராமர் போட்ட நிபந்தனை. அவருக்கென எழும்பிய சதுர்புஜர் கோயில் அப்போது முடிந்திருக்கவில்லை. தற்காலிகமாகத் தன் மாளிகையில் வைத்தார் ராணி. வைத்தது வைத்ததுதான். அதனால் இங்கே ராமர் அரசர். ஆரத்தி வேளையில் மத்தியப் பிரதேசக் காவலர் துப்பாக்கியோடு விறைத்து நின்று மரியாதை செலுத்துகிறார். பிரசாதமாக வெற்றிலை பீடா, கூடவே அத்தர். அரசருக்கான உபசாரமல்லவா!

பக்கத்திலேயே சதுர்புஜர் கோயில், வானத்தை முட்டிக்கொண்டு. சுவருக்குள் ஒளிந்த செங்குத்தான இருட்டுப் படிகளில் கையைத் தடவித் தடவி மொட்டைமாடிக்கு ஏறினோம். பின்னாளில் வேறு மூர்த்தி வந்துவிட்டாலும் அந்த உயரமான வெறுங்கூடத்தில் வராத விருந்தாளியின் இடம் அப்படியே இருக்கிறது. இந்தியாவின் பல அலங்காரக் கோயில்களைவிட எனக்கு இந்த வெறுமை பிடித்திருந்தது.

மேலிருந்து ராணியின் மாளிகையைப் பார்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "கோயில் முடியலைங்கறது நிஜக் காரணம்னு நினைக்கறீங்களா? அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தவ, அவரைத் தன் வீட்டிலேயே வச்சுக்க ஆசைப்பட்டிருக்க மாட்டாளா?"

"அப்போ நிபந்தனை?"

"அதை ராமர் யார்கிட்ட சொன்னாராம்? ராணிகிட்டதானே!"