ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் சரித்திரம்: ஒரு மதிப்பீடு

பாலையூற்றில் வாழ்வார்க்கு லூர்து அன்னை ஆலயத்தின் மணியோசை புதியதன்று. அம்மணியோசை கேட்டே எழுந்து நீராடிக் கோணேசர் கோயிலுக்குப் புறப்படுகின்ற சைவக் குடும்பங்கள் இங்கே பல. எனினும், கோணமாமலையில் நின்ற பழம்பெருங் கோயில் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கீசராற் தகர்க்கப்பட்ட கதையைப் பாட்டியர் வாயிற் கேட்டே நாம் வளர்ந்தோம். அக்கதையை நெஞ்சிற் சுமந்துகொண்டு, பிறநாட்டிலிருந்து சமயம் பரப்ப வந்தவர்களின் சொந்தத் துயரங்களை நடுவுநிலை பிறழாது படித்தல் நம்மனோர்க்கு இயலுமா? இவ்வினா என்னைச் சில காலமாக உறுத்தி வந்தது. அதற்கு ஒரு நூலை எடுத்துக்கொண்டு விடை காண முயல்கின்றேன்.

அந்நூல், 1835-ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வெளிவந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் வாழ்க்கைச் சரித்திரம். தொகுத்தவர் அவர்தங் கணவர் மைரன் வின்ஸ்லோ பாதிரியார். 1862-இல் தமிழ் ஆங்கிலப் பேரகராதியைச் சென்னையில் வெளியிட்ட அதே வின்ஸ்லோ. அகராதியை அறியாத தமிழாசிரியர் இலர். சரித்திரத்தைப் படித்தவரோ மிகச் சிலர். முன்னர்ப் பெருநூலகங்களில் மட்டுமே கிடைத்த இது இன்று மின்படியாக வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றது.

அம்மையார் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் நகரில் 1796-இற் பிறந்தவர். மணமான சில மாதங்களில், 1819 யூன் மாதம், கணவருடன் பொஸ்ரன் துறைமுகத்திற் கப்பலேறினார். அவ்வாண்டின் இறுதியில் இலங்கையை அடைந்தார். 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833 சனவரி 14-ஆம் நாள், முப்பத்தாறு வயதில் இறந்தார். பிறந்த ஊரை மறுபடி அவர் காணவில்லை. நூலின் பெரும்பகுதி அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளுமாம். இடையிடையே கணவர் எழுதிய இணைப்புரையும், இலங்கை மிசனின் வரலாறும் வருகின்றன. அவ்வரலாற்றுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அறிக்கை எழுதப் பழகிய கை எழுதியது.

கடிதங்களே நூலின் உயிர். அவற்றின் வலிமையை உணர்வதற்கு அக்காலச் சூழலை ஒருசிறிது அறிதல் வேண்டும். 1816-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிசனில் முதலில் வந்தாருள் எட்வேட் வாறன் 1818-இல் இறந்தார். டானியல் பூவரின் மனைவி சூசன் 1821-இலும், ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822-இலும் மறைந்தனர். இவ்வாறு ஆட்கள் குறைந்துகொண்டே வர, 1820-இல் இலங்கையின் ஆங்கில அரசு புதிய அமெரிக்க மிசனரிமார் வருதலைத் தடுத்தது. அச்சு வேலைக்கென வந்த ஒருவரைத் திருப்பியும் அனுப்பிவிட்டது. அத்தடை 1833-இலேயே நீங்கிற்று. அம்மையாரது இலங்கை வாழ்வு ஏறத்தாழ முழுவதும் இத்தடைக் காலத்துள் அடங்கும். இறந்தவரின் வேலையையும் இருப்பவரே சுமக்க வேண்டியிருந்தது. உதவிக்கு ஆள் வருமென்ற நம்பிக்கை நிறைவேறிய ஆண்டிலேதான் அவர் கண்மூடினார். கிறித்தவ அரசு கிறித்தவப் போதகரைத் தடுத்தது என்பது, அரசும் மிசனும் ஒன்றேயெனக் கருதிப் பழகிய நம்மவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி.

நூலுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த பகுதி மூத்த மகன் சாள்ஸ் பற்றியது. யாழ்ப்பாணத்திற் பிறந்த இச்சிறுவனைக் கல்விக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினர் பெற்றோர். அங்குச் சேர்ந்து அதிக நாள் செல்லுமுன், 1832-இல், நியூயோர்க்கில் அவன் இறந்துபோனான். வயது பதினொன்று. ஒரு கடிதம் போய் மறுமொழி வர ஓராண்டு செல்லும் காலம் அது. மகன் மண்ணுக்குள் சென்றபின்னரும் மாதக்கணக்காக உடுவிலில் அவன் நலத்துக்காக இறைவனை வேண்டிக்கொண்டு இருந்திருப்பாள் தாய். என் தமையனார் 1990-ஆம் ஆண்டின் குழப்பத்தின்பின் பதினேழு வயதிற் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். மூன்று மாதம் கடிதமில்லை. அந்த மூன்று மாதமும் அம்மா அடுப்படியில் எப்படி நடமாடினார் என்பதைக் கண்ட சிறுவன் நான். ஆதலால் இப்பகுதியை விமரிசகனாகப் படித்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

இங்கே நம் மரபோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். நம் நாட்டிற் சமயத்துக்காக வாழ்வைக் கொடுப்பவன் துறவி. அவன் மனைவி மக்களை விட்டே புறப்படுகின்றான். முற்றத் துறந்த பட்டினத்தாரும் அன்னையின் ஈமத்தில் நின்று கலங்கிப் பாடினார் என்பது உண்மையே. ஆயினும் அவர் கலங்கியது தம் பாசத்தின் பொருட்டு. தம் துறவின் விலையைப் பிறர் செலுத்தும்படி அவர் மகவொன்றைப் பெற்று வளர்க்கவில்லை. நம் மண்ணில் நெடுங்காலம் பணிபுரிந்த யேசுசபையினரும் இவ்வகைத் துறவிகளே. லூயிசியானாவிலிருந்து வந்து திருகோணமலை மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றிய ஹீபேட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15-ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், பின் எவர் கண்ணிலும் படவில்லை. அமெரிக்க மிசனரிமாரோ இல்லறத்தையும் உடன் கொண்டு வந்தனர். மட்டக்களப்பின் முதல் மெதடிஸ்த போதகரான வில்லியம் ஓல்ற் மனைவியைக் கடலிலே இழந்து 1814-இல் தனியே வந்திறங்கினார். 1815 ஏப்ரிலில் அவரும் இறந்தார். தாம் விரும்பி ஏற்ற துன்பம் வேறு. விரும்பி ஏற்றதன் பயனாக மனைவியும் மழலையும் அடைந்த துன்பம் வேறு. சரித்திர நூல் இவ்வேறுபாட்டை நேர்நின்று பேசுவதில்லை. அம்மையாரின் கடிதங்கள் பேச முற்படும் இடங்களிலெல்லாம் கணவரின் இணைப்புரை விரைந்து வந்து, எல்லாம் இறைவன் சித்தமென்று ஆறுதல் கூறிவிடுகின்றது. தொகுப்பாசிரியர் என்ற வகையில் இது அவர் செய்த பெரும் பிழை என்பேன். வாசகன் அழுவதற்குமுன் அவன் கண்ணைத் துடைத்துவிடுகிறார்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். மிசனரிமாரின் கடிதங்கள் தாய்நாட்டில் வீட்டாரால் மட்டும் படிக்கப்பட்டவையல்ல. அவை கோயில்களில் வாசிக்கப்பட்டன, மிசன் இதழில் அச்சேறின, நன்கொடையும் அவற்றாற் திரண்டது. தம் சொற்கள் ஊரறியப் படிக்கப்படக்கூடும் என்று அறிந்தவர் தம் மனத்தை எவ்வளவுக்குத் திறந்திருப்பார்? நாட்குறிப்புப் பகுதிகள் கடிதப் பகுதிகளைவிடச் சோர்வும் ஐயமும் மிகுந்தனவாய் இருப்பதற்கு இதுவே காரணம் ஆகலாம்.

இனி நூலின் குறை. பதின்மூன்றாண்டுகள் சைவர் நடுவில் வாழ்ந்த ஒருவரின் எழுத்தில் சைவம் இருள் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகின்றது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்ட வாழ்வு அவர் வேலிக்கு அப்பால் ஒவ்வொரு முற்றத்திலும் நடந்துகொண்டிருந்தது. அது அவர் காதில் விழவில்லை. உடுவிற் பெண்கள் பலருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டன. வட்டுக்கோட்டைச் செமினரியிலும் அவ்வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயரை நோக்குக. மகனைக் கடல்கடந்து அனுப்பிய அதே தாய், பிறர் பெற்ற பெண்களுக்குத் தூரதேசத்துப் பெயர்களைச் சூட்டி, அவர்களைத் தாய்மாரிடமிருந்து விலக்கி விடுதியில் வைத்து வளர்த்தார். அத்தாய்மாரும் இரவிற் படலையடியில் நின்று பார்த்திருப்பார் அல்லரோ? அவர்களின் நாட்குறிப்பை எழுதவோ தொகுக்கவோ ஒருவரும் இலர். ஆனால், பெண்ணுக்கு எழுத்தறிவு வேண்டா என்று இருந்த குடிகளில் அப்பெண்கள் எழுதப் படிக்கக் கற்றனர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. வண்ணார்பண்ணையில் 1848-இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான், மிசன் பாடசாலையின் முறையைக் கையாண்டே மிசனை எதிர்த்தார். பகைவனிடத்தும் கற்கத் தக்கது உண்டென்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வின்ஸ்லோவும் கற்றார் போலும். சரித்திரத்தில் இருள் என்ற ஒரே சொல்லால் மூடப்பட்ட உலகம், இருபத்தேழு ஆண்டுகளின்பின் வந்த அகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களாக விரிகின்றது. தெய்வப் பெயர், புராணக் கதைக் குறிப்பு, சோதிடச் சொல், மூலிகைப் பெயர் எல்லாம் பொறுமையோடு பதியப்பட்டுள்ளன. நைற் முதலிய முன்னோர் தேடிவைத்த பொருளும் தமிழ்ப் புலவர் உதவியும் அதற்கு ஆதாரம். கொள்கை மாறியதெனச் சொல்லமாட்டேன், செவி மாறியது. 1864-இற் தாய்நாடு திரும்பும் வழியில், ஆபிரிக்காவின் தென்முனையில் அவர் இறந்தார்.

இச்சரித்திரத்தோடு சேர்த்துப் படிக்கத் தக்கது, 1891-இல் வெளிவந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் வாழ்வும் கடிதங்களும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞரை மருத்துவராக்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். கற்றவர்கள் ஐரோப்பிய உடைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் மாறி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு மனம் நொந்து, தமிழிற் கற்பிக்கத் தலைப்பட்டார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவ்வழி வந்தன. உடல் நலிந்து 1873-இல் ஊர் திரும்பிய பின்னரும், 1884-இல் இறக்கும்வரை, அமெரிக்காவிலிருந்தே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். இவரும் மதம் பரப்ப வந்தவரே, அதனை மறைத்தவரல்லர். ஆயினும் தமிழன் தமிழனாகவே இருக்க வேண்டும் என்பது இவர் கவலை. வின்ஸ்லோ அம்மையார் பெயரை மாற்றினார்; கிறீன் உடையும் மாறக்கூடாதென்றார். இருவரும் ஒரே மிசனைச் சேர்ந்தவர்கள். மிசனரிமார் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று மேடைகளில் முழங்குகின்ற நம்மவர்க்கு இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு சிபாரிசு செய்வேன்.

அம்மையாரின் சரித்திரம் முழுவதும் தமிழாக வேண்டியதில்லை. மிசன் வரலாற்றுப் பகுதியை விட்டுவிடலாம். கடல்வழி நாட்குறிப்பு, உடுவிலின் முதல் ஆண்டுகள், சாள்ஸ் பற்றிய கடிதங்கள் ஆகிய மூன்றும் போதும். நூற்றைம்பது பக்கத்துக்கு மிகாது. இணைப்புரைகளைப் பின்னிணைப்பாக்கி, கடிதங்களைத் தனியே நிற்கவிடல் வேண்டும். சைவத்தை இகழும் வரிகளை நீக்கலாகாது. இருந்தபடியே மொழிபெயர்க்க வேண்டும். நம் கல்லூரிப் பழைய மாணவரில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே வல்லார் எவரேனும் இதனை மேற்கொள்வாராயின், அச்சுப்படி திருத்தும் வேலையைப் பாலையூற்றிலிருந்து நான் செய்து தருவேன்.