தங்கையின் முறை

பழைய டி.வி. விளையாட்டுகளைப் பற்றி என் வயதுக்காரர்கள் ஏக்கத்தோடு எழுதுவது இப்போது ஒரு தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. கேசட்டை வாயால் ஊதிச் சொருகியது, நடு ஆட்டத்தில் கரண்ட் போனது, ஐம்பது தடவை செத்த பிறகு ராஜகுமாரியை மீட்டது என்று எல்லாவற்றிலும் இவை வந்துவிடும். நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அது அரைகுறைக் கட்டுரை என்று எனக்குச் சொன்னது விமரிசகர் யாரும் அல்ல; என் தங்கை.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்காக அவள் மணலூர்பேட்டைக்கு வந்திருந்தாள். பெண்ணையாற்று மணலில் நடந்து திரும்பி, திண்ணையில் உட்கார்ந்தவள் சொன்னாள்: "நல்லாத்தாண்ணா எழுதியிருக்கே. ஆனா அதுல நான் எங்கே?"

யோசித்துப் பார்த்தேன். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983ல் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியை வெளியிட்டது. நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள்தாம். அசலில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் உள்ள பொத்தான் முதலாவதில் மட்டுமே இருக்கும். எங்கள் வீட்டு நகலிலும் அப்படியே. முதலாவது என் கையில். இரண்டாவது அவள் கையில். அதை யாரும் தீர்மானிக்கவில்லை. அண்ணன், ஆண்பிள்ளை என்பதால் தானாகவே அமைந்துவிட்டது.

1985ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் மாரியோவும் தம்பி லூயிஜியும் சேர்ந்து ஆடுவதில்லை. மாரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். அண்ணன் கெட்டிக்காரனாக ஆக ஆக, தம்பி காத்திருக்கும் நேரமும் நீளும். 1988ல் வீடுகளுக்கு வந்த 'கான்ட்ரா'வில் இருவரும் சேர்ந்தே ஆடலாம். ஆனால் அதன் அருவிக் கட்டத்தில் வேகமாக ஏறுகிறவன் திரையையும் மேலே இழுத்துக்கொண்டு போவான். கீழே தங்கியவனுக்குச் சாவு. அங்கே என் தங்கை எத்தனை முறை செத்தாள் என்பதை நான் எண்ணியதில்லை. அதை என் கட்டுரையில் 'ஒற்றுமையாக விளையாடிய நாட்கள்' என்று எழுதியிருந்தேன்!

"அப்போ உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

"மேகம். நீ சாகற வரைக்கும் அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். மேகமும் கீழே இருக்கிற புதரும் ஒரே படம்ணா. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும், நாற்பது வயதுக்கு மேல் படித்துத் தெரிந்துகொண்டேன். ஷிகெரு மியாமோட்டோவும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஆட்டம் முழுவதையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரே உருவத்துக்கு வெள்ளை பூசி மேகம் என்றார்கள். பச்சை பூசிப் புதர் என்றார்கள். சிக்கனமே கலையான இடம் அது. எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யில் அந்த வண்ண வித்தியாசமும் கிடையாது. கண் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். எனக்கோ எதிரே வரும் காளான் பூதத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஆடியவனுக்குத் தெரியாத ஆட்டத்தின் அமைப்பு, காத்திருந்தவளுக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருக்கிறது.

இந்த வகைக் கட்டுரைகளின் குறை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பெரும்பாலும் அவற்றை எழுதுகிறவர்கள் முதல் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தவர்கள். அவர்களுடைய ஏக்கம் பொய் அல்ல. ஆனால் அது ஜெயித்தவனின் ஏக்கம். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்தவர்களின் ஞாபகம் வேறு. அதில் இனிப்பு குறைவாக இருக்கலாம். விஷயம் அதிகம்.

"நீயே எழுதேன்" என்றேன் தங்கையிடம்.

"இப்பவாவது என் முறை வந்துச்சா?" என்று சிரித்தாள். அதற்குள் அவள் பிள்ளைகள் பசி என்று கத்தவே, உள்ளே எழுந்து போய்விட்டாள்.