மடவையும் மரபணு எல்லையும்: எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மீன்களின் சிற்றின எல்லையை மரபணு வேறுபாட்டின் அளவைக் கொண்டே வரையறுக்கும் போக்கை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவ்வேறுபாடு எல்லை குறித்த ஐயத்தை எழுப்பும். அதனை உறுதிசெய்ய இனக்கலப்புச் சான்றும் மீன் பிடிபட்ட நீர்நிலையின் பதிவும் தேவை என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மடவை, சிற்றினம், மரபணு, எண்ணூர், காசிமேடு.

முன்னுரை

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் மடவை மீனின் வாழிடங்களுள் ஒன்று. கடலில் முட்டையிட்டு, இளம் பருவத்தில் கழிமுகத்திற்குள் புகும் இம்மீன் நன்னீரிலும் வாழவல்லது. 1758இல் லின்னேயஸ் இட்ட ‘மூகில் செஃபாலஸ்’ என்னும் பெயரே உலகின் பல கடலோரங்களிலும் இதற்கு வழங்குகிறது. இத்துணைப் பரந்த பரப்பில் வாழ்வது ஒரே சிற்றினமா என்பது வினா.

வேறுபாடும் எல்லையும்

மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றின் ஏறத்தாழ 650 காரங்கள் கொண்ட பகுதியே மீன்களை இனங்காணப் பெரிதும் பயன்படுகிறது. இப்பகுதி 2 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் வெவ்வேறு சிற்றினம் எனக் கொள்வது பலரிடம் வழக்கமாகியுள்ளது. இவ்வளவுகோல் இருவழியிலும் தவறக்கூடும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் குறுகிய காலத்தில் கிளைத்த சிக்லிட் மீன்கள் பல நூறு சிற்றினங்களாக இருந்தும், இம்மரபணு அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. மறுபுறம், மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே கடத்தப்படுவதால், நெடுங்காலம் பிரிந்திருந்து மீண்டும் கலந்துவிட்ட கூட்டங்களிலும் பழைய வேறுபாடு எஞ்சியிருக்கும்.

உலக மடவைகளுள் குறைந்தது 14 மைட்டோகாண்ட்ரியக் கால்வழிகள் உள்ளன என 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவற்றுள் மூன்று தைவான் கடலோரத்தில் சேர்ந்து வாழ்கின்றன. 2011இல் வெளிவந்த ஆய்வு அவற்றின் உட்கரு மரபணுக் குறிகளையும் சோதித்து, அவை தம்முள் கலப்பதில்லை எனக் கண்டது. அங்கு எல்லையை உறுதிசெய்தது விழுக்காடு அன்று. ஒரே நீரில் வாழ்ந்தும் கலவாமையே. ஒன்றையொன்று சந்திக்காத கால்வழிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. ஆகவே, மத்தியதரைக் கடல் மடவையினின்று எண்ணூர் மடவை வேறுபடுகிறது என்று காட்டுவது மட்டும் தனிச் சிற்றினத்தை நிறுவியதாகாது.

மாதிரியின் இடம்

இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பல பகுதிகளில் பிடிபட்ட மீன்கள் ஒன்றுசேர்கின்றன. அங்கு மீன் வாங்கிய இடம் மீன் வாழ்ந்த இடமாகாது. ஆதலின் ஏலத்தளத்து மாதிரியைக் கொண்டு எண்ணூர் மீனின் கால்வழியை உரைப்பது ஏற்கத்தக்கதன்று.

இடத்தை உறுதிசெய்வதன் பயனைக் காவிரியின் திமில் மகசீர் காட்டுகிறது. தூண்டிற்காரர்கள் நெடுங்காலம் அறிந்திருந்த அம்மீனுக்கு உறுதியான அறிவியற்பெயர் இல்லை. 2018இல் மோயாற்று மாதிரிகளின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒருசேர ஆராய்ந்தபோது, அது பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவியை’ எனத் தெளிந்தது. அவ்வாண்டே அது மிக அருகிய இனமாகச் செம்பட்டியலில் இடம்பெற்றது. பெயர் உறுதியானதால் பாதுகாப்புக்கும் வழி பிறந்தது.

முடிவுரை

அனல்மின் நிலையச் சாம்பலும், 2017, 2023ஆம் ஆண்டுகளின் எண்ணெய்க் கசிவுகளும் எண்ணூரைத் தாக்கியுள்ளன. உலகெங்கும் உள்ள மீன் என ஒரே பெயரில் அடக்கினால் இங்கு நேரும் இழப்பு சிறிதாகத் தோன்றும். போதிய சான்றின்றித் தனிச் சிற்றினம் என அறிவித்தாலோ, முதல் மறுப்பிலேயே அவ்வாதம் வீழும். அதனோடு கழிமுகத்தின் வழக்கும் வலுவிழக்கும். எனவே, கழிமுகத்திலேயே பிடித்த மாதிரி, பாதுகாக்கப்பட்ட சான்றுடல், உட்கரு மரபணுச் சோதனை ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே எண்ணூர் மடவையின் எல்லையை வரைதல் தகும்.