குறொண்டோரில் ஒரு துரோகி

நாவலொன்று வேறொரு வடிவத்தை எய்தும்போது, மூலத்துக்கு அது எவ்வளவு உண்மையாயுள்ளது என்று வினவுவதே எமது விமர்சன மரபாகிவிட்டது. 1993 இல் டைனமிக்ஸ் நிறுவனத்தார் ஆக்கி, சியெறா நிறுவனத்தார் வெளியிட்ட 'பிற்றேயல் அற் குறொண்டோர்' என்னும் கணினி ஆட்டத்தின் முன் அவ்வினா பொருளற்றுப் போகின்றது. றேமண்ட் பைஸ்ற்றின் நாவல்களைத் தழுவியது இவ்வாட்டம். ஆனால் அந்நாவல்களின் களமான மிட்கேமியா என்னும் கற்பனை உலகோ, சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவரும் நண்பர்களும் பாத்திரமேற்று ஆடிய மேசை ஆட்டத்திற் பிறந்தது. அதிலிருந்து 1982 இல் 'மஜிசியன்' நாவல் வந்தது. நாவல்களிலிருந்து கணினி ஆட்டம் வந்தது. ஆட்டத்தின் கதையைப் பைஸ்ற் மீண்டும் 1998 இல் நாவலாக்கினார். ஆட்டத்தின் வசனத்தைப் பெரிதும் எழுதியவர் பைஸ்ற் அல்லர், நீல் ஹால்போர்ட். ஏட்டிலிருந்து களரிக்கும், களரியிலிருந்து வாய்மொழிக்கும், மீண்டும் ஏட்டுக்குமாகக் கதைகள் நடமாடிய கூத்து மரபை அறிந்த குருநகர் வாசகனுக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

கதையின் மையம் கோறத். மனித அரசுடன் நெடும்பகை கொண்ட மொறெடெல் இனத்தின் தலைவருள் ஒருவன். இறந்துபோன பழைய தலைவன் இன்னும் உயிருடன் சிறைப்பட்டிருக்கிறான் என்று சொல்லித் தன் மக்களை மற்றுமொரு போருக்குத் திரட்டுகிறான் டெலேக்கான். அப்போர் தன் இனத்தையே அழிக்கும் எனக் கண்ட கோறத், பகைவரிடமே சென்று எச்சரிக்கிறான். தலைப்பிலுள்ள 'துரோகம்' யாருடையது? அச்சொல் எத்தனை எளிதாக ஒருவர் மேல் ஒட்டப்படும், ஒட்டப்பட்டபின் அவருக்கு என்ன நேரும் என்பதை அறிந்த மண்ணிலிருந்து இதனை அணுகுபவருக்கு, இவ்வினா வெறும் மாயக்கதைச் சுவையன்று.

இவ்வினாவை ஆட்டம் விவாதத்தால் எழுப்பவில்லை, நடையால் எழுப்புகின்றது. நாவலாசிரியன் 'மூன்று நாளிற் சென்றடைந்தனர்' என ஒரு வரியிற் கடக்கும் வழியை இங்கே ஆடுபவன் நடந்தே தீர வேண்டும். பாத்திரங்கள் நாள்தோறும் உண்ண வேண்டும். கட்டுச்சோறு தீர்ந்தாற் பசியால் நலிவர். கிடைத்த உணவு நஞ்சு கலந்ததாகவும் இருக்கலாம். வாள் மழுங்கும், சாணைக்கல் தேட வேண்டும். குருநகரில் எமது உறவினர் வீடொன்றில் இளைஞர் சிலர் இதனை ஆடிக்கொண்டிருக்க, அருகிலிருந்த முதிய அம்மையார் ஒருவர் வேறெதுவும் கேளாது, "உவங்களிட்டச் சாப்பாடு கிடக்கோ?" என்று மட்டும் கேட்டார். கடலுக்குப் போனோரைக் காத்திருந்து பழகியவரின் கேள்வி அது. இவ்வாட்டத்தின் உயிர்நிலையை அவர் தொட்டுவிட்டார் என்பேன். துரோகி எனப்பட்ட ஒருவனுக்கு நாள்தோறும் சோறு தேடிக் கொடுத்தவன், அவனைத் துரோகி என்று எளிதிற் சொல்லான்.

ஒன்பது அத்தியாயங்களுள் நான்காவதே சிறந்தது. தன் இனத்தாரின் வடபுலத்திலே, தலைக்கு ஆபத்துள்ளவனாகக் கோறத் அலைகின்றான். தன் மொழி பேசுவோரிடையே ஒளிந்து நடப்பதன் அவலத்தை இப்பகுதி உரத்துச் சொல்லாமலே உணர்த்துகின்றது.

ஆயினும் ஒரு பெருங்குறையைச் சொல்லாது விடல் நேர்மையாகாது. கோறத்துக்காக இரங்கச் சொல்லும் அதே ஆட்டம், அவன் இனத்தாரை வழிநெடுகக் கொன்று, பிணங்களைத் துழாவிப் பொன்னும் உணவும் எடுக்கச் செய்கின்றது. பெயருள்ள மொறெடெல் ஒருவனுக்கு மனச்சாட்சி உண்டு. பெயரற்றோர் வெறும் கொள்ளைப் பொருள். அப்போது அருகில் நிற்கும் கோறத் ஒரு சொல்லும் பேசுவதில்லை. உள்ளடக்கம் ஒன்றைச் சொல்ல, உருவம் அதனை மறுக்கும் இடம் இது. தொழினுட்ப எல்லையைக் காரணங்காட்டி இதனை மன்னிக்க இயலாது. விடுகதைக்கு விடை கூறித் திறக்கும் மொறெடெல் பெட்டிகளை வழியெங்கும் வைத்து, அவ்வினத்தாருக்கும் மொழிநயமும் அறிவும் உண்டெனக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, வீழ்ந்தவனின் முன் கோறத்தை ஒரு கணம் தயங்கி நிற்கச் செய்வது அரிதன்று.

1998 இல் வந்த நாவல் இம்முரணைத் தீர்க்கவில்லை. பயணத்தைச் சுருக்கியதால் அது புலப்படாதபடி செய்தது. ஆகவே குறையுடையதாயினும் ஆட்டமே மேலானது எனக் கருதுகிறேன். ஆடுபவன் எத்துணைத் திறமை காட்டினும் கோறத்தின் முடிவை மாற்ற முடியாது. டெலேக்கானுடன் பொருதியே அவன் மடிகின்றான். ஆடுபவனின் சுதந்திரம் பொய் என்று இதனைக் குறைகூறுவோர் உளர். எஸ்தாக்கியார் கூத்தில் அவர் இறுதியில் வேதசாட்சியாக மடிவார் என்பதை முதற் பாட்டுக்கு முன்னரே அறிந்திருந்தும், எம் மக்கள் விடியும்வரை களரியடியை விட்டு எழுந்ததில்லை.